மதியத்துக்குப் பிறகு இல்லாத சாலை

அர்ச்சாபெல் ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு யார் போன் செய்தாலும் முதலில் காதில் விழுவது டமீராக்காவின் பெருமூச்சுதான். அதற்குப் பிறகுதான் "சொல்லுங்க" என்ற வார்த்தை வரும். உயிர் துடிக்கிற நேரத்தில் பெருமூச்சு விடுகிறாள் என்று மேலிடத்துக்குப் புகார் செய்தவர்கள் உண்டு. அவர் திமிரில் விடும் மூச்சல்ல அது. நாள் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்து கால் இரண்டும் வீங்கிப் போயிருக்கும்; போனை எட்டி எடுக்க உடம்பைத் திருப்பினாலே அப்படி ஒரு மூச்சு வந்துவிடும். கணவர் வேலைக்கென்று ரஷ்யா போனவர், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். மகள் தலைநகர் பிஷ்கெக்கில். வீட்டில் ஒரு டிவியும் ஒரு மாடும்தான். "ரெண்டுல மாடுதான் கொஞ்சம் வெவரமாப் பேசும்" என்பார்.

நான் அதே நிலையத்தில் வண்டியோடு போகிற மருத்துவ உதவியாளர், அய்னாஷ். எந்த ஊருக்கு எந்த வண்டி என்று அவர் முடிவு செய்வார். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன். பல வருடமாக இப்படித்தான்.

பழைய டிரைவர் சிறுநீரகக் கோளாறினால் நின்றுவிட, நகரத்திலிருந்து எர்நசர் வந்து சேர்ந்தான். நல்ல பையன், குடிக்க மாட்டான். போனில் மேப் பார்த்து ஓட்டுவான். அவன் வந்த வசந்த காலத்தில்தான் கோக்தோங் கிராமத்திலிருந்து பிரசவத்துக்கு அழைப்பு வந்தது. டமீராக்கா ஊர்ப் பெயரைச் சொன்னார், எர்நசர் அதைப் போனில் தட்டினான். போஸ்-சூ ஆற்றின் கரையோரமாகத் தடித்த கோடு ஒன்று ஊர்வரை போனது. நான் பின்னால் மருந்துகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன், எந்த வழி என்று கவனிக்கவில்லை. வண்டி நின்றபோதுதான் எட்டிப் பார்த்தேன். எதிரே ஆறு. பாலம் இருந்த இடத்தில் இரண்டு காரைத் தூண்கள் மட்டும். போன் பெண்குரலில் "நேராகச் செல்லவும்" என்றது.

"அக்கா, மேப்புல பாலம் இருக்குக்கா."

"ஆத்துல இல்லியே தம்பி."

அதற்குள் அந்தப் பெண்ணை டிராக்டர் பின்பெட்டியில் போட்டு எதிர்க்கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். திரும்பிப் போய் வேறு வழி தேடி வர நேரமில்லை. குழந்தையின் தலை தெரிகிறது என்று அவளுடைய மாமியார் கத்தினாள். நான் இந்தக் கரையில் நின்று, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே தொண்டை கிழிய, "அவசரப்பட்டு இழுக்காதீங்க! கழுத்துல கொடி சுத்தியிருக்கா பாருங்க!" என்று கத்தினேன். எதிர்க்கரையில் ஒரு டிராக்டர்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நான் சொல்வதை அவளுக்குத் திருப்பிச் சொன்னான். பிள்ளை பிழைத்தது. தாய்க்கு ரத்தம் நிறையப் போய், பல வாரம் எழுந்திருக்கவில்லை. பிள்ளைக்கு ஜோல்தோஷ் என்று பெயர் வைத்தார்கள். வழித்துணை என்று அர்த்தம். எந்த வழிக்கு என்று நான் கேட்கவில்லை.

நிலையத்துக்குத் திரும்பியதும் எர்நசர் டமீராக்கா முன்னால் தலை குனிந்து நின்றான். அவர் அவனைத் திட்டவில்லை. "அனுப்புனது நான்தானடா" என்றார். பிறகு அவன் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தத் தடித்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத வரைஞ்சது யாரு?"

"யார் வேணாலும் வரையலாம்க்கா. இது எல்லாரும் சேந்து போடுற மேப். நீங்ககூட வரையலாம்."

"அப்ப எவனோ ஒருத்தன் பாலம் விழுறதுக்கு முன்னாடி மேலேருந்து எடுத்த படத்தப் பாத்து வரைஞ்சிருக்கான். அவனுக்கென்ன, வரைஞ்சிட்டுப் போயித் தூங்கிட்டான்."

அப்படித்தான் ஆரம்பித்தது. போன் அடிக்காத நேரமெல்லாம் நிலையத்தின் பழைய கணினியில் உட்கார்ந்துவிடுவார். முதலில் பாலத்தை எடுத்தார். அது சுலபம். அதற்கப்புறம்தான் விதிகள் வந்து குறுக்கே நின்றன. அந்த மேப்பில் கோடு மட்டும் போட்டால் போதாது. ஒவ்வொரு கோட்டின்மேலும் குறிச்சொல் ஒட்ட வேண்டும்: இது எந்தத் தரத்துச் சாலை, மேலே தாரா மண்ணா, வழுவழுப்பா குண்டும் குழியுமா, ஆற்றில் இறங்கிக் கடக்க வேண்டுமா என்று. ஒவ்வொன்றுக்கும் நீள நீளமான விளக்கம், மாதிரிப் படங்களோடு. அந்தப் படங்களில் வண்டித்தடம் என்று காட்டியிருந்த பாதையைப் பார்த்து டமீராக்கா என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வா. இத வயலுக்குப் போற தடம்னு போட்டிருக்கான். நம்ம மாவட்ட ஆபீசுக்குப் போற ரோடு இந்த லட்சணத்துல இருக்கா சொல்லு?"

இல்லைதான்.

அதைவிடத் தலைவலி எங்கள் தார்ச்சாலை. சோவியத் காலத்தில் கோக்தோங் பக்கம் தார் போட்டார்கள். இன்று அது தட்டுத் தட்டாகப் பெயர்ந்து கிடக்கிறது. அதன்மேல் யாரும் ஓட்டுவதில்லை. பக்கத்துப் புல்வெளியில் இறங்கித்தான் ஓட்டுவார்கள். மழை பெய்தால் அதற்கும் பக்கத்தில். கேட்டால் மட்டும் எல்லோரும் "தார் ரோட்டுல வந்தேன்" என்பார்கள். இதற்கு எந்தக் குறிச்சொல்லை ஒட்டுவது? டமீராக்கா யோசித்து யோசித்து, ஆற்றோரச் சாலை முழுவதையும் வண்டித்தடம் என்று இறக்கிவிட்டார்.

இரண்டு நாளில் அது பழையபடி ஏறிவிட்டது. ஏற்றியவர் ஹாயோ என்பவர். ஜெர்மனியின் வடக்கே கடலோரத்தில் இருக்கிறார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்று அவரே எழுதியிருந்தார். ரஷ்ய மொழி தெரியாது. கணினியை வைத்து மொழிபெயர்த்து அனுப்புவார். டமீராக்கா அதை எனக்கு வாசித்துக் காட்டுவார்.

"மதிப்பிற்குரிய டமீரா! உங்கள் சாலையை உயர்த்தி மகிழ்கிறேன். தயவுசெய்து அதை மீண்டும் வீழ்த்தாதீர்கள். சாலையின் தரம் அதன் முக்கியத்துவத்தால் வருவது, அதன் துயரத்தால் அல்ல."

"துயரமாம்!" என்று டமீராக்கா மேசையைத் தட்டிச் சிரித்தார். பதிலும் போட்டார்: 'ஒருமுறை வந்து ஓட்டிப் பாருங்கள்.' அவரிடமிருந்து உடனே பதில் வந்தது: 'மன்னிக்கவும். என் முழங்கால் புதியது, சமீபத்தில் மாற்றப்பட்டது.'

அவர் ஏற்ற, இவர் இறக்க, அந்தக் கோடு வசந்தம் முழுக்க ஊஞ்சலாடியது. கடைசியில் ஜூலை மாதத்தில் ஒரு விடுமுறை நாள் டமீராக்கா தானே புறப்பட்டுப் போனார். மத்தியானம் ஆற்றங்கரையில் இறங்கி, இடிந்த தூணையும் பெயர்ந்த தாரையும், வண்டிகள் ஆற்றில் இறங்கிக் கடக்கிற கடவையும் படம் எடுத்தார். கடவில் பழுப்புத் தண்ணீர் கல்லை உருட்டிக்கொண்டு போனது. எல்லாப் படத்தையும் மேப்பில் ஏற்றி, சாலைக்கு வண்டித்தடம், மிக மோசம், கடவுக்கு 'கடக்க முடியாது' என்று ஒட்டினார். ஹாயோ அதற்கப்புறம் ஒன்றும் எழுதவில்லை.

"வாய மூடிட்டான்" என்று சொல்லி மறுநாள் எங்களுக்கெல்லாம் போர்சோக் மாவுப் பலகாரம் பொரித்துக் கொண்டுவந்தார். அந்த வருடத்தில் அவர் முகத்தில் சந்தோஷம் பார்த்தது அன்றுதான்.

இலையுதிர் காலம் முடிகிற சமயம். நிலையத்துக் கதவை உதைக்காத குறையாகத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். கோக்தோங்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் சோனுன். குரலைக் கேட்டாலே பால் திரிந்துவிடும்.

"இங்க டமீரா யாரு?"

டமீராக்கா கை தூக்கினார்.

"எங்க ரோட்ட எங்க வச்சிருக்க? எடு. குடு."

"என்னம்மா சொல்ற?"

"என்ன சொல்றனா? நிலக்கரி லாரிக்காரன் வர மாட்டேங்கிறான். கேட்டா, 'உங்க ஊருக்கு வழியே இல்லையாம், போன் சொல்லுது'ங்கிறான். மாவு வண்டி வரல. தடுப்பூசி வண்டி பாதியிலயே திரும்பிருச்சு. என் நாத்தனார் பொண்ணப் பாக்க வந்த மாப்ள வீட்டுக்காரங்க பக்கத்து ஊருக்குப் போயி அங்க ஒரு பொண்ணப் பாத்துட்டுப் போய்ட்டாங்க! உங்க டிரைவர் பயதான் சொன்னான், மேப்புல எல்லாம் எங்க டமீராக்கா கைவேலைன்னு. பெருமையாச் சொல்றான்!"

எர்நசர் சத்தமில்லாமல் கொல்லைப்புறக் கதவு வழியாக நழுவினான்.

"பாலம் இல்லம்மா. பிள்ளத்தாச்சிப் பொண்ணு ஆத்தங்கரையில கெடந்தத மறந்துட்டியா? ஆத்துல எறங்கி யாராவது செத்தா?"

"நாங்க தெனம் எறங்குறோமே, செத்தா போய்ட்டோம்? இப்ப குளுர்ல சாகப் போறோம், அதான் நடக்கப் போகுது. பனி விழுந்துருச்சு. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கோட்டு மாட்டிக்கிட்டே உக்காந்திருக்கு."

நான் சோனுனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள்; குடித்துக்கொண்டே திட்டினாள். போகும்போது, "நீ வந்து பாரு. நாளைக்கு எங்க வீட்டுக்காரர் வண்டி எடுத்துட்டு வருவாரு. மாட்டேன்னு சொல்லாத" என்றாள்.

அன்று சாயங்காலம் டமீராக்கா வீட்டுக்குக் கிளம்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "ரோடு நல்லாருக்குன்னு பொய் போட்டிருந்துச்சு, ஒருத்தி சாகப் பாத்தா. நான் உண்மையப் போட்டேன், ஊரே வெறைக்குது. எதத்தான்டி போடுறது?" என்றார். எழுந்து போய் வீட்டில் மாட்டைக் கட்டுங்கள் என்றேன்.

மறுநாள் காலை சோனுனின் கணவர் ஷெர்மத் தன் பழைய நீவா காரில் வந்தார். பேசவே மாட்டார், வீட்டில் பேச்சுக்கு ஆள் இருப்பதால் இருக்கலாம். எனக்கும் அன்று விடுமுறை, கூடவே போனேன். கடவை அடைந்தோம். ஜூலையில் கல்லை உருட்டிய அதே ஆறு, அந்தக் காலையில் சக்கரத்தின் பாதிக்குக்கூட வரவில்லை. ஷெர்மத் வண்டியை ஆற்றில் இறக்கி அக்கரையில் ஏற்றினார். டமீராக்கா திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"குளுர்னால தண்ணி கொறஞ்சிருச்சா?"

"கோடையிலயும் காலைல இப்படித்தான் இருக்கும்" என்றார் ஷெர்மத். "மேல பனி உருகி இங்க வந்து சேர மத்தியானம் ஆயிரும். அப்பறம் ராத்திரி வரைக்கும் கிட்ட போக முடியாது."

"நான் வந்தப்ப மத்தியானம்."

"ம்."

சோனுன் வீட்டில் ரொட்டியும் கய்மாக் பாலாடையும் வைத்துப் பெரிய கூட்டமே உட்கார்ந்திருந்தது. ரோட்டைத் திருப்பி வாங்க வந்தவர்கள். ஆளாளுக்குப் பேசினார்கள்.

"காலைல ஆத்து வழி. மத்தியானம் ஆயிட்டா ஆட்டு மந்தை போற மேட்டு வழி. சுத்துதான், ஆனா போயிரலாம்" என்றார் ஒருவர்.

"மழை பேஞ்சா மேட்டு வழியில உன் தாத்தன்கூடப் போக முடியாது" என்றார் இன்னொருவர்.

"மழை பேஞ்சா எங்க தாத்தன் ஏன் போறாரு? வீட்டுல இருப்பாரு."

"ஆறு ஒறைஞ்ச பின்னாடி எதுக்கு இவ்ளோ பேச்சு? பனிக்கட்டி மேலயே நேரா நாரின் டவுன் வரைக்கும் வுடலாம்."

"அப்ப மூணு ரோடு" என்றார் டமீராக்கா.

"ஒரு ரோடுதாம்மா" என்றாள் சோனுன், பொறுமை போய். "எப்ப வர்றங்கிறதப் பொறுத்தது. இது ஏன் உனக்கு வெளங்க மாட்டேங்குது?"

விளங்கியது. அதைச் சொல்லக் குறிச்சொல் இல்லையே என்பதுதான் அவர் கவலை. அன்று மேட்டு வழி முழுவதும் ஷெர்மத் அவரைக் கூட்டிப்போய்க் காட்டினார். இறங்கி நடந்த இடங்களில் டமீராக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

நிலக்கரிப் பிரச்சினையை மேப் தீர்க்கவில்லை. சோனுன் தானே சுரங்கத்துக்குப் போய், ஒரு லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நான்தான் மேப். ஓட்டு" என்றாளாம். லாரி வந்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு.

டமீராக்கா ஊர்ச் சாலையை மேப்பில் மறுபடி உயர்த்தினார். ஹாயோ சொன்ன தரத்துக்கே. தோற்றுப்போனதாகக் காட்டிக்கொள்ளவில்லை, 'ஊருக்குப் போவதால் சாலை' என்று மட்டும் எழுதினார். பிறகு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, எங்கள் பக்கத்துச் சாலைகளுக்கு இந்த விதிகளை எப்படிப் பொருத்துவது என்று மேப்பின் தளத்தில் ஒரு பக்கம் எழுதினார். தாரை விட்டு இறங்கி ஓடும் தடங்களை எப்படிக் காட்டுவது, உறைந்த ஆற்றை எந்த மாதங்களில் சாலை என்பது, கணவாய் மூடுவதை எப்படிச் சொல்வது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, மதியத்துக்குப் பிறகு இல்லாமல் போகும் கடவு.

மேப் போடுகிறவர்கள் எல்லோர் முன்னாலும் அதை விவாதத்துக்கு வைத்தார். ஐயோ, அந்த விவாதம்! உலகத்தில் வேலையில்லாதவன் எல்லாம் அதில்தான் இருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. 'நேரம் என்பது சாலையின் பண்பு அல்ல' என்றார் ஒருவர். 'தண்ணீர் ஏறுவது போல நேரில் சரிபார்க்க முடியாத ஒன்றை எழுதக்கூடாது' என்றார் இன்னொருவர். 'இப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விதி என்றால் விதி எதற்கு?' என்று மூன்றாமவர். டமீராக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். நடுவே போன் அடிக்கும், பெருமூச்சு விடுவார், வண்டி அனுப்புவார், திரும்ப வந்து விட்ட இடத்தில் தொடர்வார்.

"விட்டுருங்கக்கா. உங்களுக்கு என்ன, சம்பளமா குடுக்கிறாங்க?" என்று எர்நசர் ஒருநாள் சொன்னான்.

"விட்டுட்டேன்னு வை. நாளைக்கு ஒருத்தன் மத்தியானம் எறங்குவான். யாருக்குப் போன் வரும்? எனக்குத்தான" என்றார்.

ஒரு கட்டத்தில் அவரும் ஓய்ந்துபோனார். பல நாள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. மார்ச் மாதம், வேறு எதற்கோ திறந்தபோது, ஹாயோ எழுதியிருந்ததைப் பார்த்தார். அதற்குமுன் அவர் அந்த விவாதத்தில் வாயே திறக்கவில்லை.

'மதிப்பிற்குரிய எல்லோருக்கும். நான் வசிப்பது கடலோரம். எங்களுக்கு எதிரே ஒரு சிறு தீவு உண்டு. அதற்குச் சாலை உண்டு. கடல் வற்றும்போது அதில் டிராக்டர் போகும். கடல் ஏறும்போது அங்கே மீன் போகும். என் அண்ணன் நேரம் தவறி அதில் போனான். டமீராவின் ஆறும் என் கடலும் ஒரே வேலையைச் செய்கின்றன. எங்கள் சாலைக்கு நேரம் எழுத அனுமதித்த நீங்கள் அவருடைய சாலைக்கு ஏன் மறுக்கிறீர்கள்? சரிபார்க்க விரும்புகிறவர் மாலையில் இறங்கிப் பார்க்கலாம். நான் பரிந்துரைக்கவில்லை.'

டமீராக்கா அதை எனக்கு வாசித்துக் காட்டியபோது 'என் அண்ணன்' என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி வாசித்தார். "இத்தன மாசம் சண்ட போட்டேன். ஒரு வார்த்த சொல்லல பாரு" என்றார். பிறகு மொழிபெயர்க்கும் பெட்டியில் என்னென்னவோ தட்டினார், அழித்தார். கடைசியில் 'நன்றி. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?' என்று மட்டும் அனுப்பினார்.

கடல் ஏறும் சாலைக்கு அவர்கள் வைத்திருந்த எழுத்துமுறையையே ஆற்றுக்கும் பொருத்தலாம் என்று முடிவானது. எதிர்த்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, களைத்துப் போய்விட்டார்கள். அதுவும் ஒரு வெற்றிதான் என்று நினைக்கிறேன். கடவில் எந்த மாதங்களில் எந்த நேரம் போகலாம் என்று ஏறியது. மேட்டு வழியும் ஏறியது.

அதன் பலன்? பெரிதாக இல்லை. மேப்பில் நேரம் இருந்தாலும் போனில் வழி சொல்லும் செயலிகளில் பெரும்பாலானவை அதைப் படிப்பதே இல்லை. ஊருக்கு வழி உண்டு என்பதை மட்டும் படித்துக்கொண்டு நேராகப் போகச் சொல்லும். இது தெரியவந்த அன்று டமீராக்கா கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் ஜுரம் என்றார்.

ஜூலையில் ஷெர்மத்துக்கு வயிற்றுவலி. காலையிலிருந்தே வலித்திருக்கிறது, மனுஷன் சொன்னால்தானே. சோனுன் போன் செய்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அவள் குரல் அன்று உயரவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. குடல்வால் என்று கேட்ட மாத்திரத்தில் புரிந்தது. எர்நசர் வண்டிச் சாவியை எடுத்தான். போன் ஆற்று வழியைக் காட்டியது. அவன் அதைப் பார்த்துவிட்டு, மேசைப் பக்கம் திரும்பினான்.

"நேரம் என்ன ஆவுது பாத்தியா?" என்றார் டமீராக்கா.

"மேட்டு வழி போறேங்க்கா."

"தெரியுமா?"

"நீங்க வரைஞ்சது இருக்கே. அதப் பாத்துட்டே போறேன்."

சோனுனையும் ஷெர்மத்தையும் ஊரார் ஒருவரின் வண்டியில் ஏற்றி எதிரே மேட்டு வழியில் வரச் சொன்னார் டமீராக்கா. பாதி வழியில், ஆட்டு மந்தைகளுக்கு நடுவே சந்தித்தோம். மேலிருந்து பார்த்தால் கீழே ஆறு தெரிந்தது, கரை தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. எர்நசர் அதை ஒருமுறை பார்த்தான், அப்புறம் பார்க்கவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஷெர்மத் பல்லைக் கடித்தார். "வலிக்குதுன்னு சொல்லேன்யா, வாய் வலிக்குமா?" என்று சோனுன் அழுதாள். மாவட்ட மருத்துவமனையில் குடல்வால் வெடிப்பதற்குச் சற்று முன்னால் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். இளைத்தவர் இளைத்தவர்தான், இன்னும் சதை பிடிக்கவில்லை.

சோனுன் நன்றியெல்லாம் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து நிலையத்துக்கு வந்து ஒரு பை உருளைக்கிழங்கை மேசைமேல் வைத்தாள். "ரோட்டப் போட்ட, சரி. அதுல என் கடையக் காணோமே? அதையும் போடு. பேரு பெருசா வரணும்."

"பேரெல்லாம் பெருசா வராது. எல்லாக் கடையும் ஒரே அளவுதான், அதான் விதி" என்றார் டமீராக்கா.

"உன் விதியத் தூக்கி ஆத்துல போடு."

ஆகஸ்ட் கடைசியில் மேலே பெருமழை பெய்து ஆறு தன் படுகையையே மாற்றிக்கொண்டது. பழைய கடவு இருந்த இடத்தில் இப்போது கரை இல்லை. ஊரார் கொஞ்சம் கீழே தள்ளி வேறு இடத்தில் இறங்கிக் கடக்கிறார்கள், அங்கே எந்த நேரம் தண்ணீர் ஏறும் என்று அவர்களுக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. டமீராக்கா எழுதிய பக்கத்தைப் பார்த்துத் தாஜிக் நாட்டிலிருந்து யாரோ சந்தேகம் கேட்டு எழுதுகிறார்கள். ஹாயோ தன் இன்னொரு முழங்காலையும் மாற்றப்போவதாக எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் டமீராக்கா இன்னும் பதில் போடவில்லை.

அந்த வாரம் அவருக்கு ஒருநாள் விடுமுறை கிடைத்தது. புதுக் கடவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போகவில்லை, பகல் முழுக்கத் தூங்கினார். அதற்கடுத்த விடுமுறையில் போனார்.